தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கொள்முதல்

விளைவிப்போன் தன் பொருளை விற்கும்பொருட்டு ஊரூராக அலையாதபடி, தவறாது கொள்வதோர் இடம் அவனுக்கு வேண்டுமென்று இக்காலப் பொருணூலார் பலர் கூறுவர். பிரேசில் தேயத்தில் 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பள்ளியுணவுக்கென நடுவணரசு வழங்கும் பணத்தில் நூற்றுக்கு 30 பங்கேனும் குடும்ப உழவரிடமிருந்து நேரே கொள்ளுதற்குச் செலவிடப்படல் வேண்டுமென விதித்தது. இதனை முற்றும் புதுமையென்று வியப்பவர் நம் கோயிற் கல்வெட்டுக்களை ஒருமுறை நோக்குவாராக.

முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், பிள்ளையார்க்கு நாடோறும் வாழைப்பழம் 150 அமுது செய்வித்தற்கு 360 காசு வைக்கப்பெற்றது. அது பண்டாரத்தில் வாளா கிடந்ததன்று; திரிபுவனமாதேவிப் பேரங்காடி முதலிய இடங்களின் வணிகர்பால் முதலாக ஒப்புவிக்கப்பட்டது. காசொன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு. எனவே 45 காசு. காசுக்கு 1,200 பழமாக அவ்வட்டிக்குக் கிடைப்பது 54,000 பழம். ஆண்டுக்கு 360 நாளெனக் கொண்டு வகுப்பின் நாள் ஒன்றுக்கு 150 என்று இறுகி நிற்றல் காண்க. கொள்வோன் தேவையும், விலையும், வணிகன் கைமுதலும் ஒரே கணக்கில் அடங்கின. அறுவடைக் காலத்தில் விலை தாழ்ந்ததென்றோ, மழை பொய்த்து ஏறிற்றென்றோ அக்கணக்கு அசைவதில்லை.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. இக்கல்வெட்டு வணிகனோடு பேசுகின்றது. வாழை நட்டவனோடு பேசவில்லை. பிரேசில் சட்டம் 'நேரே' என்று விதந்தோதியது இவ்விடைவெளியை நோக்கியே போலும்.

விளக்குநெய் பற்றிய கல்வெட்டுக்களிலோ இடையர் தாமே முன்னிற்கின்றனர். திருவிளக்கு ஒன்றுக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16 இடையனிடம் விடப்பெறும்; அவன் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். மந்தையின் பெருக்கம் அவனுடையது. நெய்க்கு நிலையான இடமும், தொழிற்கு முதலும் ஒருங்கே எய்தினான் என்று மகிழ்வார் உளர். யாமும் மகிழ்வோம், ஆனால் அவ்வாடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். நோயால் மந்தை மடியினும் கணக்கில் ஆடு இறப்பதில்லை. நெய் குறைதலும் இல்லை. அதுபற்றியே இடையனோடு அவன்றன் உறவுமுறையாரும் அந்நெய்க்குப் பொறுப்பாளராகக் கல்லில் எழுதப்பெற்றனர்.