தேவ சித்தமும் தஞ்சைப் பஞ்சங்களும்

வெள்ளாமை வீணான வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் “எல்லாம் தேவ சித்தம்” என்று தேற்றுவது காவிரிப் படுகைச் சபைகளில் ஊறிப்போன வழக்கம். நொந்தவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டால் அது விசுவாசம். வயிறு நிறைந்தவர் பசித்தவரிடம் சொன்னால் கைகழுவல். தன் துன்பத்தை ஏற்பதும் பிறர் பசியை ஏற்பதும் ஒன்றல்ல என்பதற்குத் தஞ்சையின் பஞ்ச வரலாறே சான்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

வேதாகமமும் இதற்கு இடம் தருகிறது. யோபுவின் துன்பத்துக்குக் காரணம் கற்பித்த நண்பர்கள்மேல்தான் முடிவில் கடவுள் சினங்கொள்கிறார். இயேசு கற்பித்த ஜெபத்தில் பிதாவின் சித்தத்துக்கான வேண்டுதலை அடுத்து உடனே வருவது அன்றாட அப்பம்.

1780இல் தொடங்கிய ஹைதர் அலியின் படையெடுப்பு அடுத்த ஆண்டு தஞ்சை நாட்டைச் சூறையாடியது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி, கிராமங்களில் நெல் இருந்தது, கொண்டுவர மாடில்லை. முன்பு நெல்லும் மாடும் கொடுத்துப் பணம் கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள், அதிகாரிகளின் வாக்கை நம்ப மறுத்தார்கள். 1778 முதல் தஞ்சையில் தங்கியிருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், பணத்தைத் தாமே தருவதாகச் சொன்னார். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து ஊர்ப்புறங்களுக்குப் போனார்கள். 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலுக்குள் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது; 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். கோட்டைக்கு வந்த தானியம் அதைப்போல் 26 களஞ்சியங்களை நிரப்பியும் மிஞ்சும்.

கோட்டையைக் காத்தது கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக்கும் உதவியது என்பது உண்மையே. ஆனால் சுவார்ட்ஸ் பஞ்சத்தைத் தெய்வத் தண்டனை என்று விளக்கிவிட்டு ஒதுங்கவில்லை. பட்டினியில் பாதி மனிதர் செய்த அநியாயம் என்று கண்டு, அந்தப் பாதியைத் தம் பொறுப்பாக்கிக்கொண்டார். பின்னர், அதிகாரிகளின் கொடுமை தாளாமல் ஊரைவிட்டுப் போன குடிகளையும் அவர் அழைத்தபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். தரிசில் மறுபடி ஏர் பூட்டியவர்கள் அவர்களே.

தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) மாயூரம் வேதநாயகம் பிள்ளை இன்னொரு வழியில் நடந்தார். முன்சீப் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அந்தக் கத்தோலிக்கர் கைப்பொருளைப் பசித்தவர்களுக்குச் செலவிட்டார்; பஞ்சத்தைத் தீர்க்கும்படி கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைப் புகழ்ந்து பாடியது தமிழிசை உலகம் அறிந்தது. முறையீடு அவரிடத்தில் அவிசுவாசமாக இல்லை. கெத்செமனேயிலும் பாத்திரம் நீங்க வேண்டும் என்ற மன்றாட்டுக்குப் பிறகே ஒப்புக்கொடுத்தல் வருகிறது. மன்றாட்டை விட்டுவிட்டு ஒப்புக்கொடுத்தலை மட்டும் போதிப்பவர்கள் கிறிஸ்துவையே அரைகுறையாகப் போதிக்கிறார்கள்.

இப்படிச் சொல்வது விசுவாசத்தை வெறும் சமூகத் தொண்டாகக் குறைக்கிறது என்பர் சிலர். சுவார்ட்ஸ் செய்ததை மறுபடி பார்க்கலாம். வாக்குக் கொடுத்த நேரத்தில் முழுத் தொகையும் அவர் கையில் இல்லை. யுத்த பூமியில், கடன் சுமையை அறிந்தே வாக்குக் கொடுப்பதற்குக் கடவுள்மேல் அசையாத நம்பிக்கை வேண்டும். நெல் வந்து முடிந்ததும் தம்மிடம் இருந்த பிறர் பணத்தையும் சேர்த்துக் குடியானவர்களின் கணக்கைத் தீர்த்தார்; சிறிது அன்பளிப்பும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.