கொக்குல்லோ

இத்தாலியின் அப்ருட்சோ மண்டலத்தில், லாக்குயிலா மாகாணத்தைச் சேர்ந்த மலைக்கிராமம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. வாழ்வோர் சில நூறு பேரே. மே 1 அன்று சோரா நகரப் புனித தோமினிக்குக்கு எடுக்கும் பாம்புத் திருவிழாவே ஊரின் பெருமை. இவர், அதே தோமினிக் பெயர்கொண்ட, சபை நிறுவிய புனித சாமிநாதர் அல்லர். 11ஆம் நூற்றாண்டில் மறைந்த பெனடிக்ட் சபைத் துறவி. பாம்புக்கடிக்கும் பல்வலிக்கும் இவரே காவல்.

பனி விலகியதும் ‘செர்பாரி’ எனும் பாம்புபிடிப்போர் சரிவுகளில் நஞ்சில்லாப் பாம்புகளைத் தேடுவர். நண்பகலில் கோயிலிலிருந்து வெளிவரும் புனிதரின் சொரூபத்தின் தோளில் அவற்றை மாலையாகச் சூட்டுவர். நெளிந்து புனிதரின் முகத்தை மறைக்கும் பாம்பை விரலால் மெல்ல விலக்கிவிடுவர். பிறகு தெருக்களில் பவனி. பல்வலி அண்டாதிருக்கக் கோயில்மணிச் சங்கிலியைப் பல்லால் கவ்வி இழுப்பதும் உண்டு. அண்மைக்காலத்தில் ஆய்வாளர்கள் பாம்புகளை அளந்து உடல்நலம் பார்க்கின்றனர். நம்பிக்கையும் அறிவியலும் இப்படிக் கைகோப்பது அரிது. விழா முடிந்ததும் பாம்புகள் மீண்டும் மலையிலேயே விடப்படுகின்றன.