மூளைச்சாவிலிருந்து மீண்டவர் யார்?

2017 ஜூலையில் கண்டி போதனா வைத்தியசாலையில் இலங்கையின் முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. மூளைச்சாவடைந்த ஒருவரின் இதயம் இன்னொருவருக்கு வாழ்வு கொடுத்தது. அதன் பிறகு உறுப்புக் கொடை பற்றித் தோட்டப்புறங்களில் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: "மூளைச்சாவு என்று சொன்ன ஆட்கள் எழும்பி வந்திருக்கிறார்களாமே, நாங்கள் எப்படிக் கையெழுத்து வைக்கிறது?" அப்படி எழும்பி வந்தவர் யார் என்று ஆவணங்களில் தேடத் தொடங்கினேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்தேன். மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மூளைச்சாவை மரணமாக ஏற்கிறது. இதன் வேர் 1968இல் ஹார்வர்ட் குழு வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் மருத்துவர் பர்னார்ட் மனிதருக்கு மனிதர் இதயத்தை மாற்றும் உலகின் முதல் சிகிச்சையைச் செய்து ஒரு வருடம்கூட ஆகாத காலம் அது.

அடுத்த தடம் இந்தியாவுக்குப் போனது. 2016இல் உத்தரகாண்டின் ருத்ரபூரில் மருத்துவர் ஹிமான்ஷு பன்சாலும் அமெரிக்காவின் பயோகுவார்க் நிறுவனமும் சேர்ந்து ஓர் ஆய்வைப் பதிவு செய்தனர். விபத்தில் மூளைச்சாவடைந்த 20 பேருக்கு ஸ்டெம் செல், பெப்டைடு ஊசி, லேசர், நரம்புத் தூண்டல் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்ப்பது திட்டம். உலகச் செய்திகள் இதை உயிர்த்தெழுதல் என்றே எழுதின. அதே ஆண்டு நவம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பதிவேட்டிலிருந்து ஆய்வை நீக்கியது. மீண்டவர் என்று அதில் ஒரு பெயரும் இல்லை.

அதற்கடுத்த தடம் அமெரிக்காவுக்குப் போனது. 2019இல் யேல் பல்கலைக்கழகத்தின் நெனாட் செஸ்டான் குழு, கொல்லப்பட்டு நான்கு மணி நேரமான பன்றிகளின் மூளைகளில் விசேட திரவத்தை ஆறு மணி நேரம் ஓடவிட்டது. சில உயிரணுக்கள் இயங்கின. ஆனால் உணர்வைக் காட்டும் ஒருங்கிணைந்த மின் அலைகள் எழவில்லை. இங்கும் மீண்டவர் எவருமில்லை.

விடை கடைசியில் நம் ஊர்ப் பக்கத்திலேயே கிடைத்தது. பின்னாளில் பேராதனை மருத்துவப் பேராசிரியராக இருந்த எஸ். ஏ. எம். குலரத்ன, 1996 முதல் 1998 வரை அநுராதபுரத்தில் கட்டுவிரியன் கடிபட்டவர்களை ஆராய்ந்து 2002இல் எழுதிய கட்டுரை அது. சிங்களத்தில் 'தெல் கரவலா' எனப்படும் இந்தப் பாம்பு, இரவில் தரையில் படுத்திருப்பவர்களையே பெரும்பாலும் தீண்டுகிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. சில மணி நேரத்தில் இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். கடுமையான நஞ்சேற்றத்தில் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாது. தொண்டையில் குழாயைத் தொட்டாலும் இருமல் வராது. கட்டிலருகே நிற்பவருக்கு மூளைச்சாவு போலவே தெரியும். உண்மையில் நஞ்சு பிடித்திருப்பது நரம்பு தசையைச் சேரும் முனைகளை. மூளை இறந்திராது. நாட்கணக்கில் செயற்கைச் சுவாசம் கொடுத்தால் பலர் எழுந்து நடந்து வீடு போகிறார்கள். இத்தகையவர்களை மூளைச்சாவு என்று எண்ணிவிடும் ஆபத்தை மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன.

எழும்பி வந்தார்கள் என்ற பேச்சுக்கு ஆவணங்களில் எனக்குக் கிடைத்த உறுதியான அடிப்படை இதுதான். இவர்கள் சாவிலிருந்து மீண்டவர்கள் அல்லர், ஒருபோதும் சாகாதவர்கள். இந்தத் தவறைத் தடுக்கத்தான் பிரித்தானிய அரச மருத்துவக் கல்லூரிகள் 1976இலேயே ஒழுங்கு வகுத்தன. மூளை சேதமான காரணம் தெரிந்திருக்க வேண்டும். மருந்து மயக்கம், உடற்குளிர்ச்சி, இரத்த உப்புகளின் கோளாறு, தசையை முடக்கும் பொருள் எதுவும் இல்லையென்று உறுதி செய்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

ஆகவே நம் குடும்பங்கள் ருத்ரபூரை நம்பவும் வேண்டாம், வைத்தியர்களுக்குப் பயப்படவும் வேண்டாம். கையெழுத்து வைக்குமுன் மூன்றைக் கேட்கட்டும்: மூளை சேதமானது எதனால்? மருந்தும் நஞ்சும் இல்லையென்று எப்படி உறுதி செய்தீர்கள்? சுவாசக் கருவியை விலக்கிப் பார்த்தபோது தானாக மூச்சு வந்ததா? இவற்றுக்கான விடைகளை வைத்தியசாலை அவர்களின் மொழியிலேயே, அவசரப்படுத்தாமல் சொல்ல வேண்டும். மலையகத் தமிழ்க் குடும்பத்துக்கு அதைத் தமிழில் சொல்வது சலுகை அல்ல, உரிமை. அந்த விடைகளைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு கொடுக்கும் சம்மதமே உண்மையான கொடை.