நிலம் மூத்தவனுக்கே! இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் சொத்து கைமாறிய விதம்

ஒருவர் மரணித்த பிறகு அவர் விட்டுச்சென்ற வீடும் நிலமும் யாரைச் சேரும்? எல்லா நாடுகளிலும் குடும்பங்களைச் சேர்த்து வைத்ததும் பிரித்து வைத்ததும் இந்தக் கேள்விதான். இங்கிலாந்தின் சட்டம் இதற்குச் சொன்ன பதில் கடுமையானது. உயில் எழுதாமல் மரணித்த நிலக்காரருக்கு ஐந்து மகன்கள் இருந்தாலும், நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே. மற்ற நால்வருக்கும் மகள்களுக்கும் ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது. பல நூறு ஆண்டுகள் நீடித்த இந்த விதி, 1925ஆம் ஆண்டுச் சட்டங்கள் மூலம்தான் ஒழிக்கப்பட்டது.

அந்த முறை எப்படி இயங்கியது, அதில் யார் பாதுகாக்கப்பட்டார்கள், யார் விடுபட்டார்கள் என்பதைப் பார்ப்போம்.

நிலம் வேறு, பொருள் வேறு

ஆங்கிலேயச் சட்டம் ஒருவருடைய சொத்தை இரண்டாகப் பிரித்தது. ஒன்று நிலமும் அதன்மேல் உள்ள கட்டடங்களும். மற்றொன்று ஆடுமாடுகள், அறுவடை செய்த தானியம், கட்டில், பாத்திரங்கள், ரொக்கம் போன்ற பொருட்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு எடுத்த குத்தகை உரிமையும் இரண்டாவது வகையிலேயே சேர்ந்தது.

நிலம் நேரடியாக வாரிசின் கைக்குப் போனது. பொருட்களோ உயிலை நிறைவேற்றுபவரிடம் போய், கடன்கள் தீர்ந்த பிறகு பங்கிடப்பட்டன. அந்த உயில்களைச் சரிபார்த்து உறுதி செய்யும் அதிகாரம் தேவாலய நீதிமன்றங்களிடம் இருந்தது. 1858 ஜனவரியில்தான் அது அரசு நீதிமன்றத்துக்கு மாறியது.

உயில் இல்லாதபோது பொருட்களை எப்படிப் பங்கிடுவது என்பதை 1670ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இல்லையென்றால் மனைவிக்குப் பாதி. ஆக, ஒரே வீட்டில் தந்தையின் மாடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்தது. அந்த மாடுகள் மேய்ந்த நிலத்தில் ஒருவருக்கு மட்டுமே உரிமை இருந்தது.

ஏன் மூத்த மகன்?

1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, நிலம் என்பது அரசருக்குப் போர்ச்சேவை செய்வதற்காகப் பெறும் உரிமையாக இருந்தது. நிலம் துண்டு துண்டானால் சேவையும் துண்டாகும். எனவே ஒரே வாரிசு வேண்டும் என்ற வழக்கம் வலுப்பெற்றது. காலப்போக்கில் போர்ச்சேவையோடு தொடர்பில்லாத நிலங்களுக்கும் அதே விதி பரவிவிட்டது.

இதற்கு விலக்குகளும் உண்டு. கென்ட் பகுதியில் எல்லா மகன்களும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர். வேறு சில ஊர்களில் வழக்கம் தலைகீழாக இருந்தது. அங்கே கடைசி மகனுக்கே நிலம். பண்ணைப் பிரபுவின் கீழ் நிலம் வைத்திருந்த சாதாரண விவசாயி மரணித்தால், வாரிசு அந்தப் பண்ணையின் மன்றத்தில் வந்து பெயர் பதிந்து கட்டணம் செலுத்த வேண்டும். பல இடங்களில் இறந்தவருடைய மந்தையிலிருந்து மிகச் சிறந்த மாட்டையோ குதிரையோ பிரபு எடுத்துக்கொள்வார். குடும்பத் தலைவரை இழந்த வீடு, அதே வாரத்தில் உழவு மாட்டையும் இழக்க நேர்ந்தது.

மனைவியும் மகள்களும்

விதவையை இந்தச் சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. கணவருடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் ஆயுள் முழுவதும் அனுபவிக்கலாம். விற்க முடியாது, அவளுக்குப் பிறகு அது வாரிசுக்கே திரும்பும். கணவர் இறந்தபின் நாற்பது நாட்கள் அவருடைய வீட்டிலேயே தங்கும் உரிமையை 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா உறுதி செய்தது. அதற்குள் அவளுடைய பங்கைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

மனைவியின் நிலத்தில் கணவனுக்கு இருந்த உரிமையோ இதைவிடப் பெரிது. அவர்களுக்கு ஒரு குழந்தை உயிருடன் பிறந்திருந்தால் போதும். மனைவி இறந்த பிறகு அவளுடைய நிலம் முழுவதையும் அவன் ஆயுள்வரை அனுபவிக்கலாம்.

மகன் இல்லாத வீட்டில்தான் மகள்களுக்கு நிலம் கிடைத்தது. அப்போது மூத்தவள், இளையவள் என்ற பேதமின்றி எல்லா மகள்களும் சம பங்குதாரர்கள்.

உயில் என்ற வாசல்

1540இல், எட்டாம் ஹென்றி காலத்தில், நிலத்தை உயில் மூலம் கொடுக்க அனுமதிக்கும் சட்டம் வந்தது. போர்ச்சேவைக்குக் கட்டுப்பட்ட நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் உயிலில் கொடுக்கலாம். மற்ற நிலத்தை முழுவதுமாகக் கொடுக்கலாம். இளைய பிள்ளைகளுக்கு இது ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் அதே வாசல் வழியாக, சட்டப்படி கிடைக்க வேண்டிய பங்கு ஒருவருக்குக் கிடைக்காமலும் போகலாம். இதற்கு உலகறிந்த ஒருவரின் உயிலே உதாரணம்.

ஷேக்ஸ்பியர் என்ற நிலக்காரர்

வில்லியம் ஷேக்ஸ்பியரை நாடக ஆசிரியராக எல்லோருக்கும் தெரியும். சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் அவர் ஒரு நிலக்காரரும்கூட. 1597இல் 'நியூ பிளேஸ்' என்ற பெரிய வீட்டை வாங்கினார். 1602இல் ஊருக்கு வெளியே 107 ஏக்கர் விளைநிலத்தை 320 பவுண்டுக்கு வாங்கினார். அவருக்கு சூசன்னா, ஜூடித் என்று இரு மகள்கள். ஒரே மகன் ஹாம்னெட் 1596இல் பதினோரு வயதில் இறந்துவிட்டான்.

அவர் உயில் எழுதாமல் மரணித்திருந்தால் கணக்கு எளிது. அவர் பெயரில் நேரடியாக இருந்த நிலத்தில் மனைவி ஆனுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆயுள் அனுபவம். நிலத்தின் உரிமை இரு மகள்களுக்கும் சரிபாதி.

ஆனால் அவர் 1616 மார்ச் 25 தேதியிட்ட உயிலில் வேறு ஏற்பாடு செய்தார். வீடுகளும் நிலங்களும் மூத்த மகள் சூசன்னாவுக்கு. அவளுக்குப் பின் அவளுடைய மூத்த மகனுக்கு. அவன் வழி இல்லையென்றால் அடுத்த மகனுக்கு. இப்படி ஏழாவது மகன்வரை வரிசைப்படுத்தினார். அந்த வழியும் அற்றால்தான் பேத்தி எலிசபெத்தின் மகன்களுக்கும், அதன் பிறகு ஜூடித்தின் மகன்களுக்கும். பிறக்காத பேரன்களுக்காக எழுதப்பட்ட வரிசை இது.

ஜூடித்துக்கு முக்கியமாகப் பணமே. திருமணப் பங்காக 100 பவுண்டு; ஒரு குடிசை வீட்டின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தால் மேலும் 50. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவளோ அவள் பிள்ளைகளோ உயிருடன் இருந்தால் இன்னும் 150 பவுண்டு. ஆனால் அந்தக் கடைசித் தொகை அவள் கணவன் கைக்குப் போகாதபடி நிபந்தனை வைத்தார். அவன் அதே மதிப்புள்ள நிலத்தை அவளுக்கு எழுதிவைத்தால்தான் அதைத் தொடலாம். மருமகன்மீது அவருக்கு முழு நம்பிக்கை இல்லை என்பது இதில் தெரிகிறது. தங்கை ஜோனுக்கு 20 பவுண்டும், ஆண்டுக்கு 12 பென்ஸ் வாடகையில் ஆயுள்வரை ஹென்லி தெரு வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கொடுத்தார்; ஊர் ஏழைகளுக்கு 10 பவுண்டு. மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி: இரண்டாவது சிறந்த கட்டில் அவளுக்கு. அவளுக்குச் சட்டப்படி வரும் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று விட்டிருக்கலாம் என்பது அறிஞர்கள் சிலர் கூறும் விளக்கம்.

அதே ஆண்டு ஏப்ரல் 23இல் அவர் மரணித்தார். சூசன்னாவுக்கு மகன் பிறக்கவே இல்லை. ஜூடித்தின் மகன்களில் ஒருவன் குழந்தையிலேயே இறந்தான்; மற்ற இருவரும் 1639இல் இறந்தனர். பேத்தி எலிசபெத் இருமுறை மணந்தும் பிள்ளையின்றி 1670இல் மரணித்தார். ஷேக்ஸ்பியரின் நேர் வாரிசு வரிசை அத்தோடு முடிந்தது. ஏழு மகன்கள்வரை திட்டமிட்ட நிலத்தை ஒரு பேரன்கூட அனுபவிக்கவில்லை. ஹென்லி தெரு வீடு மட்டும் தங்கை ஜோனின் வழிவந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

சட்டம் மாறிய கதை

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பெரும் பண்ணைக் குடும்பங்கள் இன்னும் இறுக்கமான ஏற்பாட்டைக் கையாண்டன. மூத்த மகன் திருமணம் செய்யும்போதே நிலத்தை அவனுக்கு ஆயுள் உரிமையாகவும், அவனுக்குப் பிறக்கப்போகும் மகனுக்கு அடுத்த உரிமையாகவும் எழுதிவிடுவர். விதவைக்கு ஆண்டுத்தொகை, இளைய பிள்ளைகளுக்கு ரொக்கம். நிலம் சிதறவில்லை. ஆனால் பெயரளவில் எஜமானராக இருந்தவரால் ஒரு வயலைக்கூட எளிதில் விற்க முடியவில்லை. 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவருக்கு விற்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை விரிவாகத் தந்த சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

விதவைகளுக்கோ 1833இல் பின்னடைவு ஏற்பட்டது. கணவன் உயில் மூலமோ பத்திரம் மூலமோ அவளுடைய மூன்றில் ஒரு பங்கை இல்லாமல் செய்துவிடலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல், மனைவிக்கு எதுவுமே வைக்காமல் உயில் எழுத இங்கிலாந்துக் கணவனுக்கு அதிகாரம் இருந்தது.

1925இன் சட்டங்கள் 1926 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. உயில் இல்லாதபோது மூத்த மகனின் தனியுரிமை நீங்கியது. ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் சம பங்கு வந்தது. நிலத்துக்கும் பொருளுக்கும் ஒரே வாரிசு விதி ஆனது. 1938இல் வந்த சட்டம், உயிலில் ஒதுக்கப்பட்ட மனைவியும், தன்னைத் தானே பராமரிக்க இயலாத பிள்ளைகளும் நீதிமன்றத்தை நாடிப் பராமரிப்புத் தொகை கேட்க வழி செய்தது.

ஆனாலும் இன்றுவரை அங்கே உயில் எழுதுபவரின் விருப்பத்துக்கே முதலிடம். வாரிசுகளுக்கென்று கட்டாயப் பங்கு இல்லை. விடுபட்டவர்தான் வழக்குத் தொடுத்து, தன் தேவையை நீதிபதிமுன் நிரூபிக்க வேண்டும்.