கொரியாவுக்குப் படிக்கப் போறீங்களா? கே-டிராமாவில் காட்டாத விஷயங்களையும் தெரிஞ்சுக்கோங்க!

புதுச்சேரியில் ‘வெளிநாட்டுப் படிப்பு’ என்றாலே ஒரு காலத்தில் பிரான்ஸ்தான். இன்று குருசுக்குப்பம் தெருக்களிலும் பி.டி.எஸ் பாட்டு கேட்கிறது, ‘கொரியாவுல படிக்கணும்’ என்ற ஆசையும் கூடவே வருகிறது. ஆசை சரி. அங்கே மாணவராகப் போனால் அந்த ஊர்ப் பண்பாடு எப்படி இருக்கும்?

எப்படிப் போவது?

தென்கொரிய அரசு தரும் ‘குளோபல் கொரியா ஸ்காலர்ஷிப்’ (ஜி.கே.எஸ்) தான் பலரின் முதல் இலக்கு. கல்விக் கட்டணம், விமான டிக்கெட், மாதச் செலவுத்தொகை எல்லாம் அதில் அடங்கும். ஆனால் நேராக வகுப்புக்குள் போக முடியாது. பொதுவாக முதல் ஒரு வருடம் கொரிய மொழிதான் படிக்க வேண்டும். ‘டோபிக்’ எனும் மொழித் தேர்வில் மொத்தம் 6 நிலைகள். அதில் 3-வது நிலையைத் தாண்டினால்தான் பட்டப்படிப்பு.

தமிழ் தெரிந்தால் கொரியன் ஈஸியா?

‘அப்பா’வுக்கு அங்கேயும் ‘அப்பா’தான், அம்மா ‘ஓம்மா’. 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்!

ஆனாலும் நமக்கு ஒரு லாபம் உண்டு. ‘நான் சோறு சாப்பிட்டேன்’ மாதிரி அங்கேயும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். மன்னர் செஜோங் 1446-ல் வெளியிட்ட ‘ஹங்குல்’ எழுத்தைச் சில நாட்களில் பிடித்துவிடலாம். சிக்கல் பேச்சில். நம்ம ‘வா’, ‘வாங்க’ போல அங்கே மரியாதைக்கு இன்னும் பல படிகள். ஒரு வயது மூத்தவரிடம்கூடப் பேச்சு மாறும். கல்லூரியில் சீனியர் ‘சொன்பே’, ஜூனியர் ‘ஹுபே’. பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால் கொடுக்கணும், வாங்கணும்.

சாப்பாடு ஒத்துவருமா?

குருசுக்குப்பத்துக் கடற்கரையில் கருவாடு வாசனையோடு வளர்ந்தவர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. காய்ந்த நெத்திலியை இனிப்பும் உப்புமாக வறுத்து, சோற்றோடு வைப்பது அங்கே அன்றாடத் தொடுகறி. பூசான் நகரின் ஜகல்சி மீன் மார்க்கெட்டில் மீன் விற்பதில் பெண்கள்தான் முன்னணி. நம்ம ஊர் மீன் மார்க்கெட் ஞாபகம் வரும்.

சைவக்காரர்கள்தான் உஷாரா இருக்கணும். கிம்ச்சி பார்க்க வெறும் முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி இருக்கும். ஆனால் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ அதில் சேர்ந்திருக்கும். இவர்களுக்குக் கைகொடுப்பது புத்த விகாரைச் சாப்பாடு. அங்கே இறைச்சி மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம்கூட இல்லை. 2002 உலகக் கோப்பைக் கால்பந்து சமயத்தில் தொடங்கிய ‘டெம்பிள் ஸ்டே’ திட்டத்தில் விகாரையிலேயே தங்கலாம். பழைய கொரியாவைப் பார்க்க அரண்மனையைவிட இது நல்ல வழி.

அரண்மனையும் பார்க்கலாம்தான். சியோலின் கியோங்போக்குங் அரண்மனைக்கு ஹன்போக் உடுத்திப் போனால் டிக்கெட் வேண்டாம். அதனால்தான் சுற்றிலும் அத்தனை வாடகை உடைக்கடைகள்!

பண்டிகை நாளில் ஏன் தனிமை?

இலையுதிர் காலப் பௌர்ணமியில் வரும் ‘சுசோக்’, நம்ம பொங்கல் மாதிரி அறுவடைப் பண்டிகை. எள் பூரணம் வைத்து அரிசி மாவில் அவிக்கும் ‘சொங்பியன்’ கிட்டத்தட்ட நம்ம கொழுக்கட்டையேதான். ஆனால் அன்று எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். கடைகள் பல மூடியிருக்கும், ரயில் டிக்கெட் கிடைக்காது, ஹாஸ்டலில் வெளிநாட்டு மாணவர்கள் மட்டும். வீட்டு ஏக்கம் அதிகம் தாக்குவது இந்த நாட்களில்தான். கொரிய நண்பர் வீட்டுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போய்விடுங்கள்.

மற்ற நாட்களில் ‘நோரேபாங்’ எனும் பாட்டு அறைகள், இரவெல்லாம் திறந்திருக்கும் சின்னக் கடைகள் என நகரம் தூங்காது. லேப் குழுவோடு இரவு விருந்தும் நடக்கும். அதில் மது வேண்டாம் என்றால், அதைத் தன்மையாகச் சொல்லிவிடலாம்.

எதில் கவனம் தேவை?

அனுமதி வாங்காமல் பார்ட் டைம் வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. 90 நாட்களுக்கு மேல் தங்குவோர் வெளிநாட்டவர் பதிவு அட்டை எடுக்கணும். 2021 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தேசிய மருத்துவக் காப்பீடு கட்டாயம், மாதப் பட்ஜெட்டில் அதையும் சேருங்கள். சியோலில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 10 டிகிரி வரை இறங்கும். கனமான குளிர் கோட்டு புதுச்சேரியில் தேடுவதைவிட அங்கே வாங்குவதே மேல்.

ஜி.கே.எஸ் விண்ணப்பம் இளநிலைக்கு வழக்கமாக செப்டம்பர் வாக்கிலும், முதுநிலை, பி.எச்டி-க்கு பிப்ரவரி வாக்கிலும் தொடங்கும். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்க நாள் பிடிக்கும் என்பதால், அந்த வேலையை முன்கூட்டியே ஆரம்பிக்கணும். மொழியை இங்கிருந்தே தொடங்க நினைப்பவர்களுக்கு, 2006 முதல் சென்னையில் இயங்கும் இன்கோ மையத்தில் கொரிய வகுப்புகள் நடக்கின்றன.