சாம்பலும் புளியும்

தமிழ்நாட்டுச் சமையலறைகளில் நெடுங்காலம் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தது அடுப்புச் சாம்பல்தான். விறகுச் சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் தண்ணீர் பட்டதும் காரமாகிக் கொழுப்பில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். மிச்சத்தை அதன் நுண்துகள்கள் சுரண்டியெடுக்கும். சலித்த சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டு, கிணற்றடியில் குந்தி, வாணலி விளிம்பில் இறுகிய கறுப்பை வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். விரல் வழுக்காமல் பாத்திரம் 'கிறீச்' என்றால் பிசுக்கு போயிற்று.

பித்தளைக்குக் கடைசியில் புளி. அதன் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும், பிசுக்கை அல்ல. இந்த வரிசையைக் கைப்பழக்கமாகவே பெண்கள் அறிந்திருந்தது பெரிய அறிவு. தலைக்குத் தேய்க்கும் சீயக்காய்த் தூளும், அதன் சபோனின் நுரையால், எண்ணெய்ச் சட்டிக்கு உதவியது.

எரிவாயு அடுப்பு பரவப் பரவ விறகு குறைந்தது, சாம்பலும் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்குச் சலவைத்தூளும் சோப்புக்கட்டியும் வந்தன.