மோடெனாவின் சுத்தியல்காரர்கள்

1937இல் வடக்கு இத்தாலியின் மோடெனா நகரில், என்ஸோ ஃபெராரியின் பந்தய அணி இருந்த கட்டடத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை திறந்தது. பந்தயத்தில் மோதி நசுங்கிய மட்கார்டுகள் சாலையைக் கடந்து அங்கே வரத் தொடங்கின. அவற்றை நிமிர்த்திக் கொடுத்தவர்களில் ஒருவன் 17 வயதுப் பையன், செர்ஜியோ ஸ்காலியெட்டி. 13 வயதில் அப்பாவை இழந்து, பள்ளியை விட்டு, கார் உடல் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன். அண்ணன் தனியாகத் தொழில் தொடங்கியதும் அவரோடு வந்துவிட்டான்.

நம் ஊரில் டிங்கரிங் பட்டறை என்கிறோமே, அதேதான். கார் உடல் கட்டும் தொழிலுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இருந்திருக்க முடியாது. ஒடுக்கு எடுப்பவர் முதலில் தகட்டைப் படிக்க வேண்டும்: எங்கே நீண்டிருக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது, எந்த இடத்தைத் தட்டினால் எந்த இடம் எழும். அது கைவந்த பிறகு புதுத் தகட்டில் புது உருவம் எடுப்பது அடுத்த படிதான். 1951இல் ஸ்காலியெட்டி தன் பெயரிலேயே பட்டறை போட்டார். சில ஆண்டுகளில் ஃபெராரியின் பந்தயக் கார்களுக்கு உடல் கட்டும் வேலை அவரிடம் வந்து சேர்ந்தது.

தட்டையான தகடு உருண்டு வருவதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேல் போட்டு நடுவில் அடித்தால், அடி விழுந்த இடம் மெலிந்து, நீண்டு, குழிவாகும். ஆனால் நடுவை மட்டும் நீட்டிக்கொண்டே போனால் தகடு மிகவும் மெலிந்துவிடும். அதனால் ஓரத்தில் இதற்கு நேர்மாறான வேலை நடக்கும். சேலைக் கொசுவம் போல விளிம்பில் சிறு மடிப்புகள் எடுத்து, மடிப்பு மேலேறிப் படிந்துவிடாதபடி மரக் கொட்டாப்புளியால் தட்டி உள்ளுக்குள்ளேயே அடக்குவார்கள். அங்கே தகடு சுருங்கித் தடிக்கும். நடுவில் நீட்டல், ஓரத்தில் சுருக்கல் இரண்டும் சேர்ந்தால்தான் மட்கார்டின் திரண்ட வளைவு கிடைக்கும்.

அடிக்க அடிக்க அலுமினியம் இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் விரிசல் விடும். இடையிடையே சூடு காட்டி இளக்கியாக வேண்டும். சிக்கல் அங்கேதான். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து, 660 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகி ஓட்டையாகிவிடும். அதற்குத் தகடு தட்டுபவர்களிடம் அருமையான வழி ஒன்று உண்டு. தகட்டின் மேல் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டுச் சுடரைக் காட்டுவார்கள். சோப்பு பழுத்துக் கறுத்ததும் சுடரை விலக்கிவிட வேண்டும். உருகும் நிலைக்கு வெகு முன்பே தகடு இளகியிருக்கும். வேறு சிலர் வெல்டிங் சுடரில் அசிட்டிலீனைக் கூட்டி வைத்துத் தகட்டில் கரி படியவிடுவார்கள். பிறகு சுடரைச் சரிசெய்து, அந்தக் கரி எரிந்து மறையும்வரை சூடு காட்டுவார்கள்.

இப்படித் தட்டிய துண்டுகளைப் பற்றவைத்து, தையலைச் சுத்தியலால் நிரவி, மேலே அரத்தை லேசாக ஓட்டுவார்கள். மேடு பளபளக்கும், பள்ளம் மங்கலாகவே நிற்கும். பள்ளத்தை உள்பக்கமிருந்து தட்டி எழுப்பி, மறுபடி அரம். கடைசியில் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள்.

ஸ்காலியெட்டி பெரும்பாலும் வரைபடத்தை நம்பி வேலை செய்தவர் அல்ல. மெல்லிய இரும்புக் கம்பிகளை வளைத்துக் காரின் கோட்டுருவத்தை அடிச்சட்டத்தின் மேலேயே நிறுத்துவார். மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். 1957 இறுதியில் வெளிவந்த 250 டெஸ்டா ரோஸா அப்படி வந்த கார். அதன் மூக்கு தனியாக முன்னே நீண்டிருக்கும், முன் மட்கார்டுகள் இரண்டும் படகுகள் போல விலகி நிற்கும். நடுவில் விட்ட இடைவெளி, பிரேக் டிரம்கள் சூடேறாமல் காற்று வாங்குவதற்கு. அந்த வகைக் கார்கள் 1958, 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றன.

இந்தக் கை ஸ்காலியெட்டியிடம் மட்டும் இருந்ததில்லை. அதே மோடெனாவில் மெதார்தோ ஃபாந்தூஸி, மஸராட்டி கார்களுக்குத் தகடு தட்டிக்கொண்டிருந்தார். மிலானில் டூரிங் நிறுவனம், மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு கட்டி அதன்மேல் அலுமினியத்தைப் போர்த்தும் முறையை 1930களிலேயே கண்டுபிடித்து, 'சூப்பர்லெஜ்ஜேரா' என்று பெயரிட்டது. 1949இல் லெ மானில் ஃபெராரிக்கு முதல் வெற்றி தேடித் தந்த 166 எம்எம், டூரிங் கட்டிய உடலோடுதான் ஓடியது.

ஃபெராரியின் 250 ஜிடிஓ காரின் கதையில் இந்தக் கைகளின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அதை உருவாக்கத் தொடங்கிய பொறியாளர் ஜியோத்தோ பிட்ஸாரினி 1961 இறுதியில் நிறுவனத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. 26 வயது மௌரோ ஃபோர்கியேரி பாதியில் நின்ற வேலையை ஏற்றார். உடலின் வடிவம் ஸ்காலியெட்டி பட்டறையில் முழுமை பெற்றது. பொறியாளர்களின் பெயர்களைப் புத்தகங்கள் மறக்காமல் சொல்கின்றன. பட்டறை முதலாளியின் பெயரும் நின்றுவிட்டது: 2004இல் ஃபெராரி ஒரு காருக்கே 612 ஸ்காலியெட்டி என்று பெயர் வைத்தது. அவர் 2011இல் தம் 91ஆம் வயதில் காலமானார். கொட்டாப்புளி பிடித்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கேயும் ஏறவில்லை. இது சரியில்லை.

பிறகு பெரிய அழுத்து இயந்திரங்கள் வந்தன. ஸ்காலியெட்டியின் பட்டறையை ஃபெராரியே வாங்கிக்கொண்டது. 1962 முதல் 1964 வரை கையால் தட்டிச் செய்த ஜிடிஓக்கள் 36தான். அதில் ஒன்று 2018 ஆகஸ்டில் கலிபோர்னியா ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அவற்றில் ஒன்று இன்று மோதி நசுங்கினால், நல்லபடியாக இருக்கும் இடப்பக்க மட்கார்டை அளந்து அப்படியே வலப்பக்கத்துக்குச் செய்துவிட முடியாது. கையால் தட்டிய உடல் என்பதால் இரண்டு பக்கமும் அச்சாக ஒத்துப்போவதில்லை. ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும்கூட வேறுபாடு உண்டு. பழுது பார்ப்பவர் அந்தக் குறிப்பிட்ட காரின் பழைய பந்தயப் புகைப்படங்களைத் தேடி எடுத்து, வளைவைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டியிருக்கிறது.